வதரியில் எண்ணெயும் கம்பளியும்

திருமங்கையாழ்வார் 'வதரி' என்று பாடிய பதரிநாதம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்களே நம் வழிபாட்டுக்குத் திறந்திருக்கும். கார்த்திகைப் பனியில் நடை சாத்தப்பட்டால், சித்திரையிலோ வைகாசியிலோ மீண்டும் திறக்கும் வரை நாரதரே பூசை செய்கிறார் என்பது ஐதிகம். தப்த குண்டத்தின் வெந்நீரில் நீராடி, பத்மாசனத்தில் அமர்ந்த கருஞ்சாளக்கிராமத் திருமேனியைச் சேவித்து நின்றபோது, அந்தத் திருமேனியில் சாத்தப்படும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிந்தேன். அதன் பிறகே இத்தலத்தின் ஆண்டுச் சக்கரம் இமயமலைச் சாரலிலுள்ள கார்வால் நாட்டுப் பெண்களின் கைகளில் சுழல்வது எனக்கு விளங்கியது.

ரிஷிகேசத்துக்கு மேலே நரேந்திரநகரில் டெஹ்ரி மன்னர் மரபினரின் அரண்மனை இருக்கிறது. நடை திறக்கும் நாள் வசந்த பஞ்சமியன்று அங்கேதான் குறிக்கப்படுகிறது. பிறகு ஒரு நன்னாளில் அரச குடும்பத்துப் பெண்களும் ஊர்ச் சுமங்கலிகளும் மஞ்சள் ஆடை உடுத்தி, மூச்சும் எச்சிலும் படாதிருக்க வாயை மஞ்சள் துணியால் மூடிக்கொண்டு, எள்ளைத் தம் கைகளாலேயே அரைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். 'காடூ கடா' எனப்படும் அந்த எண்ணெய்க் குடத்தை டிம்ரி குலத்து அர்ச்சகர்கள் ஊர் ஊராக எழுந்தருளச் செய்து, ஜோஷிமட், பாண்டுகேசுவரம் வழியாக 3,100 மீட்டர் உயரத்திலுள்ள சந்நிதிக்குக் கொண்டு சேர்க்கிறார்கள்.

தொடக்கம் எண்ணெய் என்றால் முடிவு கம்பளி. கோயிலிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில், திபெத்திய எல்லையை நோக்கிய மாணா கிராமத்தில் போட்டியா மக்கள் வாழ்கிறார்கள். அங்கே வீட்டு வாசலில் நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு தாய், தம் ஊர்க் கன்னிப் பெண்கள் விரதமிருந்து ஒரே நாளில் பெருமாளுக்குக் கம்பளி நெய்து தருவதைச் சொன்னபோது, அவர் முகத்தில் தெரிந்த பெருமிதத்தை என்னால் மறக்க இயலாது. நடை சாத்தும் நாளில் அந்தக் கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குப் போர்த்துகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கதவு திறக்கும்போது அதில் நெய் உலராமல் இருந்தால் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்று மலைமக்கள் நம்புகிறார்கள். அக்கம்பளியின் இழைகளே அடியார்களுக்கு முதல் பிரசாதம்.

நடை சாத்துவதற்கு முன் நிகழும் மற்றொரு சடங்கு என் நெஞ்சை இன்னும் ஆழமாகத் தொட்டது. பருவம் முழுவதும் தனிச் சந்நிதியில் இருக்கும் மகாலட்சுமித் தாயார், குளிர்காலத்தில் பெருமாளின் அருகில் வீற்றிருக்க வேண்டும். ஆனால் கருவறையில் கண்ணனின் தோழரான உத்தவர் இருக்கிறார். அவர் கண்ணனுக்கு மூத்தவர் என்பதால், கணவனின் அண்ணன் முன் பெண் வந்து நிற்பதில்லை என்ற மலைநாட்டு வழக்கப்படி, அவர் வெளியே எழுந்தருளிய பின்னரே தாயார் உள்ளே வருகிறார். தாயாரை அழைத்து வருபவர், கேரளத்து நம்பூதிரி மரபைச் சேர்ந்த தலைமை அர்ச்சகரான ராவல். ஆடவர் பிராட்டியைத் தீண்டலாகாது என்பதால் அவர் பெண்ணுடை உடுத்தி, தாயாரின் தோழியாகி, திருமேனியை ஏந்தி வருகிறார். எத்தனை நுட்பமான மரியாதை! உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு இறங்கிவிட, பனிக்காலம் முழுவதும் திவ்ய தம்பதியர் தனித்திருக்கிறார்கள்.

நம்மவர் பலர் காலையில் சேவித்துவிட்டு நண்பகலுக்குள் மலையிறங்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். மாணாவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். அவ்வூருக்கு எதிரே, அலகநந்தைக் கரையில், நர நாராயணரைப் பெற்ற மூர்த்தி தேவியின் கோயில் இருக்கிறது. ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும் வாமன துவாதசியன்று பதரிநாதர் சந்நிதியைப் பகலில் சில மணி நேரம் சாத்திவிட்டு, பெருமாளின் சார்பில் உத்தவரைப் பல்லக்கில் அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். மகன் தாயைக் காணச் செல்லும் நாள் அது. அன்று மாணாப் பெண்கள் தங்கள் மரபு உடையில் பாடி வரவேற்கிறார்கள்.