முதல் குளிர்கால நாளிலிருந்து

அக்டோபர் 26, 2024

இங்கே ஐஸ்லாந்தில் காலண்டர்படி இன்று குளிர்காலத்தின் முதல் நாள். மாமாவை, என் மாமனாரை, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். ஆட்டுக்கறி சூப் வைத்தேன், டர்னிப்பும் கேரட்டும் பெரிது பெரிதாக நறுக்கிப் போட்டு, அவர் அம்மா வைத்த பக்குவத்தில். யாரும் வாயில் வைக்கும் முன்னால் முதல் கரண்டியைக் கிண்ணத்தில் எடுத்துப் போய்த் தோட்டத்து ரோவன் மரத்தடியில் ஊற்ற வேண்டும். எப்போதும் அவர்தான் போவார். இன்று என்னைப் போகச் சொன்னார். என்ன சொல்லி ஊற்றுவதென்று எனக்குத் தெரியாதே மாமா என்றேன். "காக்கைக்குச் சோறு வைக்கும்போது உன் அம்மா என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். கா கா என்று கூப்பிடுவாள், வேறொன்றும் சொல்லமாட்டாள். அதையே சொல் என்றார்.

சொன்னேன். சூப் விழுந்த இடத்தில் மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. அது அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். கிறிஸ்தவத்துக்கு முந்தைய வடதேசத்துப் பழைய தெய்வங்களுக்குப் படைக்கிற புளோட் என்பது எங்கள் வீட்டில் இவ்வளவுதான். அந்த வார்த்தையைப் போட்டுத் தேடினால் கோடரியும் ரத்தமுமாகப் படங்கள் வருகின்றன. யார் வீட்டில் எடுத்தார்களோ தெரியவில்லை.

நவம்பர் 4

ஸ்கேன் அறைக்கு வெளியே மாமா கழுத்தில் கட்டியிருக்கும் சின்னச் சுத்தியலைக் கழற்றச் சொன்னார்கள். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது, எனக்கும் தெரியும். ஆனால் கயிற்று முடிச்சு நாற்பது வருஷத்தில் இறுகிக் கல்லாகக் கிடந்தது. கத்தரிக்கோல் கொண்டுவரட்டுமா என்று நர்ஸ் கேட்டார். வேண்டாம் என்று குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன், மாமா கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுத்தார். அவிழ்ந்ததும் பார்த்தால் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. வெயிலே படாத தோல்.

கட்டைவிரல் நகம் அளவு வெள்ளி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் தடவுவார். நாற்பது நிமிஷமும் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலூரில் ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவின் தாலியைக் கழற்றி வாங்கியபோதும் இப்படித்தான் கையில் சூடேறிப்போனது.

இது இடித் தெய்வம் தோரின் சுத்தியல். தோரின் சுத்தியல் என்றால் சண்டை, இடி, சினிமா என்று நினைக்கிறார்கள். பழைய பாட்டில் அது மணப்பெண்ணின் மடியில் வைக்கிற பொருள், அவளை வாழ்த்த. என் கல்யாணத்தில் என் மடியில் வைத்தது இதே சுத்தியல்தான்.

அந்த முடிச்சு எப்படிப் போட்டிருந்தது என்று பார்க்காமலே அவிழ்த்துவிட்டேன்.

நவம்பர் 7

ரிசல்ட் வரவில்லை.

நவம்பர் 11

இன்று தனியாக நீச்சல்குளம் போனேன். போயிருக்க வேண்டாம். வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்ததும் ஆகஸ்டில் நடந்தது எல்லாம் வந்துவிட்டது.

அன்று மாமாவும் நானும் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டு இளைஞன் ஒருவன் இறங்கினான். மாமாவின் கழுத்தில் சுத்தியலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது, ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. அவன் தோளில் கறுப்புச் சூரியன் பச்சை குத்தியிருந்தது. பேசிக்கொண்டே வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு, இந்த நம்பிக்கை நம் ரத்தத்துக்கு உரியது, இவளுக்கு இங்கே என்ன வேலை என்று மாமாவிடம் கேட்டான். என் முன்னாலேயே, ஆங்கிலத்தில், நிதானமாக.

மாமா சத்தமே போடவில்லை. உன் தோளில் இருப்பது எங்கள் முன்னோர் வரைந்ததில்லை, ஜெர்மனியில் வேவல்ஸ்புர்க் கோட்டையில் நாஜி எஸ்.எஸ். காரர்கள் தரையில் பதித்த கோலம் அது என்றார். எங்கள் பழைய பாட்டு ரத்தத்தில் ஆரம்பிக்கவில்லை, முழங்கால் விறைத்துப்போய் வாசலில் வந்து நிற்பவனுக்கு முதலில் நெருப்புக் கொடு, தண்ணீர் கொடு, துவட்டத் துண்டு கொடு என்று ஆரம்பிக்கிறது என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து, "இவள் வீட்டுக்காரி. இங்கே விருந்தாளி நீதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. திருடர்கள், திருடர்கள் என்று சமையலறையில் நடந்துகொண்டே இருந்தார். 1930களில் ரூன் எழுத்துகளைச் சட்டைக் காலரில் தைத்துக்கொண்டவர்கள் முதல் திருடர்கள், இவர்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள். பழைய தெய்வங்களைக் கும்பிடும் எங்கள் சங்கத்தின் தலைமைப் பூசாரி ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சனுக்கு 2015இல் வெளிநாட்டிலிருந்து வசைக் கடிதங்களாக வந்து குவிந்தன. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொண்டாலும் அவர் வாழ்த்திக் கல்யாணம் செய்துவைக்கிறார் என்பதற்காக. எழுதியவர்களும் எங்கள் தெய்வம் ஓடின் பேரைச் சொல்லித்தான் எழுதினார்கள். 

அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவன் சந்தோஷமாகத்தான் பேச்சை ஆரம்பித்தான், அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 14

வந்துவிட்டது. இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 21

நேற்று ராத்திரி பதினொன்றேகால் போல ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் மறுபடி எரிமலை. போன டிசம்பரிலிருந்து இது ஏழாவது. ப்ளூ லகூன் என்கிற வெந்நீர்க் குளத்தின் கார் நிறுத்துமிடம் எரிகுழம்புக்கு அடியில் போய்விட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலில் தென்மேற்கே வானம் செங்கல் நிறத்தில் கிடந்தது, மாமாவின் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பி வைத்தோம்.

பக்கத்துக் கட்டில்காரரின் மகள் கேட்டாள், உங்கள் சாமிகளுக்குக் கோபமா என்று. நல்ல மனசோடுதான் கேட்டாள். மாமாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். 1000ஆம் ஆண்டு திங்வெட்லிரில் சபை கூடி, நாடு கிறிஸ்தவத்துக்கு மாறுவதா வேண்டாமா என்று வாக்குவாதம். அப்போது ஒருவன் ஓடிவந்து ஓல்ஃபுஸ் பகுதியில் பூமியிலிருந்து நெருப்பு கிளம்பிவிட்டது என்கிறான். பழைய நம்பிக்கைக்காரர்கள் பார்த்தீர்களா, தெய்வங்கள் கோபப்படாமல் இருக்குமா என்கிறார்கள். அங்கே இருந்த ஸ்னோர்ரி என்கிற தலைவர் கேட்டார்: இப்போது நாம் நிற்கிற இந்தப் பாறை எரிந்து ஓடியபோது தெய்வங்கள் எதற்குக் கோபப்பட்டன?

சொல்லி முடித்ததும் இருமல் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கவில்லை. எனக்கோ அந்த வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கோபமில்லை என்றே வைத்துக்கொண்டாலும் கும்பிடத் தோன்றுகிறதே மாமா என்றேன். தலையை ஆட்டினார்.

நவம்பர் 28

குழந்தை ஒன்று கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைக்கவசம் கொண்டுவந்து அவருக்கு மாட்டிவிட்டது. அது இருக்கும்வரை கழற்றவே இல்லை. போனபிறகு எனக்கு விளக்கினார், வைக்கிங்குகள் இதைப் போட்டதே கிடையாது, 1876இல் பைராய்ட்டில் வாக்னரின் இசை நாடகத்துக்கு டோப்லர் என்கிற ஓவியர் உடை தைத்தபோது வந்தது என்று. அந்தப் பிள்ளையிடம் ஏன் சொல்லவில்லை? அவ்வளவு தூரம் எனக்காகத் தூக்கிவந்ததே என்றார்.

டிசம்பர் 3

புது நர்ஸ், சின்னப் பெண், ஊசி போட்டுக்கொண்டே, பயப்படாதீர்கள், நீங்கள்தான் வல்ஹல்லா போவீர்களே என்று சொல்லிவிட்டாள். தேற்றத்தான் சொன்னாள். மாமாவின் முகம் அப்படியே மூடிக்கொண்டது. வல்ஹல்லா ஓடினின் மண்டபம், போரில் வெட்டுப்பட்டவர்களுக்கு. அவர்களிலும் பாதிப் பேரை ஃபிரெய்யா என்கிற தேவி தன் இடத்துக்குக் கொண்டுபோகிறாள், ஓடினுக்கு மிச்சம்தான். நோயில், முதுமையில் போகிறவர்கள் ஹெல் என்பவளிடம் போகிறார்கள். அது நரகம் இல்லை. பேர்தான் ஆங்கிலத்து நரகம் மாதிரி இருக்கிறது. எல்லாரும் நேசித்த ஓடினின் மகன் பால்டரே அங்கேதான் போனான், அவனுக்காக ஆசனங்களை அலங்கரித்து மது காய்ச்சி வைத்திருந்தார்களாம்.

மாமாவின் அண்ணன் மீன்பிடிப் படகோடு போனவர். கடலில் போனவர்கள் கடல் தேவி ரானின் வலையில். அதனால் அண்ணனும் தானும் ஒரே இடத்தில் இருக்கப்போவதில்லை என்பதுதான் அவர் கவலை, வல்ஹல்லா அவர் மனதிலேயே இல்லை. நர்ஸ் போனபிறகு என்னிடம் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இவரிடம் சொன்னேன், இவரும் ஒன்றும் பேசாமல் கார் ஓட்டினார்.

ராத்திரி பூராவும் இதேதான். தனித்தனி இடம் என்று எழுதினவர்கள் யார்? ஸ்னோர்ரி ஸ்துர்லுசன், அந்தச் சபைத் தலைவர் இல்லை, இவர் வேறு, இதையெல்லாம் திரட்டி எழுதியது 1220 வாக்கில், நாடு மதம் மாறி இருநூறு வருஷத்துக்கு அப்புறம், அவரும் கிறிஸ்தவர். அந்த இருநூறு வருஷத்தில் எத்தனை பாட்டிகள் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்கள். ஒருத்தியாவது அண்ணன் தம்பி சேர்ந்துகொள்வார்கள் என்று சொல்லியிருப்பாள். நாளைக்கு இதைச் சொல்லப்போகிறேன்.

டிசம்பர் 4

சொன்னேன். "உன் ஊரில் எப்படி?" என்றார். தை அமாவாசைக்கு எல்லாருக்கும் ஒரே இலையில் படைப்போம் மாமா என்றேன்.

டிசம்பர் 8

அம்மா போன். சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்று யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், பலி கொடுப்பார்களாமே, உண்மையா என்கிறாள். இல்லை அம்மா, சங்கத்தில் உயிர்ப்பலி கிடையாது. கருப்பனுக்கு நாம்தான் கெடா வெட்டுகிறோம், நம்மை யாராவது சாத்தான் என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அவருக்குச் சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டாள். இல்லை.

டிசம்பர் 13

மாமாவின் அக்கா, அத்தை, இன்று பேச்சைத் தொடங்கிவிட்டார். மாமாவுக்குக் கேட்காத மாதிரி நடைவழியில். நம் குடும்பத்தில் எல்லாரும் தேவாலயத்திலிருந்துதான் புறப்பட்டார்கள், இவன் மட்டும் ஏன், பாதிரியார் வரட்டும், இரண்டு பாட்டு, அவ்வளவுதானே என்று. அழுகிறார். எண்பத்திரண்டு வயது, நான் எப்படி எதிர்த்துப் பேசுவது. ஆனால் கூஃபுநெஸ் கல்லறைத் தோட்டத்தில் சங்கத்துக்கென்று தனி இடம் இருக்கிறது, மாமா அங்கேதான் என்று எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார். இது பேச்சுக்கு ஒரு சங்கம் இல்லை அத்தை. 1972இல் கோடையின் முதல் நாளில் பன்னிரண்டு பேரோ என்னவோ சேர்ந்து ஆரம்பித்தது, மறு வருஷமே அரசு அங்கீகாரம். இன்று ஐந்தாயிரத்துக்கு மேல் ஆட்கள், கல்யாணமும் செய்துவைக்கலாம், அடக்கமும் செய்யலாம், சட்டப்படி. இதையெல்லாம் சொல்லத் தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. அவர் சட்டம் கேட்கவில்லை.

நான் பெயர் பதிந்த அன்று எதை நம்புகிறாய் என்று எவரும் கேட்கவில்லை. மாமாகூடக் கேட்டதில்லை. இந்த வழியில் நம்புவதைவிடச் செய்வதுதான் பெரிது, வழக்கம் என்றே சொல்வார், மதம் என்று சொல்லமாட்டார். அப்படியானால் யார் பாட்டுப் பாடினால் என்ன என்று அத்தை கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறதா? செய்வது பெரிது என்பதால்தான் அதை மாற்றக் கூடாது. இதை ஐஸ்லாந்து மொழியில் அழகாகச் சொல்ல எனக்கு வராது.

டிசம்பர் 15

அத்தை அவரிடமே கேட்டுவிட்டார். மாமா ஒன்றும் சொல்லாமல் கம்பளியை இழுத்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டார். வலி என்று நினைத்து நான் மணியை அழுத்தப் போனேன், அத்தைதான் என் கையைத் தடுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லித்தருவதுதானே. அந்த 1000ஆம் ஆண்டுச் சபையில் முடிவைச் சபையில் சட்டம் சொல்லும் தோர்கெய்ரிடம் விட்டார்கள். அவர் பழைய நம்பிக்கைக்காரர், ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்துக் கிடந்தார். எழுந்துவந்து, சட்டம் இரண்டானால் அமைதியும் உடையும், எல்லாரும் ஞானஸ்நானம் பெறுங்கள், ஆனால் வீட்டுக்குள் மறைவாகப் பழைய தெய்வங்களுக்குப் படைப்பவனைத் தடுக்காதீர்கள் என்றார்.

மாமா அரைமணி நேரம்தான் கிடந்தார். கம்பளி ஏறி இறங்குவதையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விலக்கியபோது நெற்றியெல்லாம் வேர்வை. பாட்டு தேவாலயத்தில், அக்காவுக்காக. மண் கூஃபுநெஸில். கிண்ணம் ரோவன் மரத்தடியில், என்னைக் காட்டி, இவள் கையால்.

அத்தை அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

டிசம்பர் 21

சூரியன் 11.22க்கு வந்து 15.29க்குப் போய்விட்டது. மற்றவர்கள் யோல் என்கிற நடுக்குளிர்கால விழாவின் புளோட்டுக்குப் போயிருப்பார்கள், தீ வைத்து, கொம்புக் குவளையைக் கைமாற்றி, ஒவ்வொருவராகப் பேசி. நாங்கள் அறையிலேயே செய்தோம். தேன்மது கூடாது, அதனால் கொம்பில் மால்ட்டும் ஆரஞ்சும் கலந்து ஊற்றினேன், இங்கே யோலுக்கு எல்லா வீட்டிலும் குடிப்பதுதான். முதல் சுற்று தெய்வங்களுக்கு, ஃபிரெய்ருக்கு என்றார் மாமா, விளைச்சலுக்கும் அமைதிக்கும். இரண்டாவது போனவர்களுக்கு. இவர் பெரியப்பாவின் பேரைச் சொன்னார், படகின் பேரையும். நான் அப்பா பேரைச் சொன்னேன். கொம்பின் விளிம்பில் ஒரு கீறல் இருக்கிறது, அங்கே உதடு படாமல் திருப்பிக் குடிக்க வேண்டும், மாமா எனக்குக் கண்ணாலேயே காட்டினார். அவருக்கு ஒரு சொட்டு, பஞ்சில் நனைத்து.

மூன்றாவது சுற்று அவரவர் விருப்பம். யாரும் பேசவில்லை.

டிசம்பர் 24

சங்கத்தை ஆரம்பித்த விவசாயி, கவிஞர், ஸ்வெயின்பியோர்ன் பெயின்தெயின்சன், 1993இல் இதே நாளில் போனவர். அவர் நீள நீளமாகப் பழைய பாட்டுகளை ராகம் போட்டுச் சொல்வதைக் கேட்டுத்தான் மாமா இந்த வழிக்கு வந்தார். இன்று அந்த ஒலிப்பதிவைக் காதருகே வைத்தேன். விரல் கழுத்துக்குப் போய்த் தேடியது. சுத்தியல் என் பையில் இருக்கிறது. கட்டிவிடலாம் என்றால் அந்தப் பழைய கயிறு இற்றுப்போய்விட்டது.

டிசம்பர் 30

தூக்கம்தான் பெரும்பாலும்.

ஜனவரி 2

தோட்டத்தில் முழங்கால்வரை பனி. ரோவன் மரத்தடியில் மண்வெட்டியால் ஒதுக்கி மண்ணைக் கண்டுபிடித்தேன், சூப்பை ஊற்றினேன். இவர் பின்னால் வந்து நின்றார். முடிச்சு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த படகு முடிச்சு என்று அப்பா சொல்லியிருக்கிறார், போட்டுப் பார்த்ததில்லை என்றார்.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிற வழியில் கறுப்புத் தோல் கயிறு ஒரு முழம் வாங்க வேண்டும்.