ஆஹ் என்றால் ஆமாம்

எகிப்திய அரபியை இணையவழியில் கற்கத் தொடங்கிய முதல் வாரத்தில், என் ஆசிரியருக்கு எங்கோ வலிக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் மறுமுனையிலிருந்து "ஆஹ்" என்று ஒரு குரல் வரும். சற்று பொறுத்து இன்னும் இரண்டு "ஆஹ்" வரும். உடம்பு நலந்தானா என்று கேட்டேன். அதற்கும் "ஆஹ்" என்றே விடை வந்தது. எகிப்தியரின் அன்றாடப் பேச்சில் அது "ஆமாம்" என்பதற்கான சொல் என்று பிறகுதான் தெரிந்தது.

அதே ஒலிதான் அரபியில் வேதனையின் குரலும் பெருமூச்சின் குரலும். எழுதினாலும் வேறுபாடு தெரியாது: மேலே மத்தா என்ற நீட்டல் குறி இட்ட ஓர் அலிஃப் எழுத்து, பக்கத்தில் ஒரு ஹா, அவ்வளவுதான். பழகிய செவிக்கு மட்டும் பிடிபடும். உடன்பாட்டின் ஆஹ் வெட்டென்று முடிந்து அடுத்த பேச்சுக்கு இடம் விடும். பெருமூச்சின் ஆஹ் மூச்சு தீரும்வரை இறங்கிக்கொண்டே போகும். எகிப்தியரின் மற்றொரு ஆமாமான "ஐவா", இறைவன் மேல் ஆணையாக ஆம் என்று பொருள்படும் "ஈ வல்லாஹி" சுருங்கிப் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த "ஈ" குர்ஆனின் 10:53ஆம் வசனத்திலும் ஆணையோடு சேர்ந்தே வருகிறது.

பெருமூச்சை மொழிகள் எந்த வினையோடு இணைக்கின்றன என்று கவனிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. தமிழில் பெருமூச்சு விடுகிறோம். நமக்கு அது வெளியேறுவது. பாரசீகத்தில் "ஆஹ் கெஷீதன்", துருக்கியில் "ஆஹ் செக்மெக்". இரண்டுக்கும் ஆஹ் என்பதை இழுத்தல் என்றே பொருள். உருதுவிலோ "ஆஹ் பர்னா", அதாவது நிரப்புதல். ஒரே மூச்சை ஒருவர் விடுகிறார், ஒருவர் இழுக்கிறார், ஒருவர் நிரப்புகிறார். பாரசீகத்திலும் துருக்கியிலும் அந்த மூச்சு காற்றோடு போய்விடுவதும் இல்லை. வதைக்கப்பட்டவனின் ஆஹ் வதைத்தவனைப் பிடிக்கும் என்று இரு மொழியினரும் சொல்வார்கள். ஒடுக்கப்பட்டவனின் ஆஹை வாங்கிக்கொள்ளாதே, அது மெல்ல மெல்ல வெளிப்படும் என்பது ஒரு துருக்கியப் பழமொழி. வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதில் உரை தேவையில்லை.

அரபு இலக்கணிகள் இத்தகைய குரல்களை வெறும் ஓசை என்று ஒதுக்கிவிடவில்லை. "இஸ்மு ஃபிஅல்", அதாவது வினையின் பொருளைத் தரும் பெயர், என்று ஒரு தனி வகை வகுத்து, ஆஹ் என்றால் "வலியுறுகிறேன்" என்றும் உஃப் என்றால் "சலிப்படைகிறேன்" என்றும் பொருள் எழுதினார்கள். உஃப் என்பதற்கு வேர் தேடிய அகராதிக்காரர்களில் சிலர் அது காதழுக்கைக் குறித்த சொல் என்றார்கள், சிலர் நகத்தழுக்கு என்றார்கள். எனக்கென்னவோ ஊதித் தள்ளும் உதடுகளே போதுமான வேராகத் தோன்றுகிறது. பெற்றோரிடம் "உஃப்" என்றுகூடச் சொல்லாதே என்று குர்ஆனின் 17:23ஆம் வசனம் தடுப்பதால், இந்த ஓரசையை எப்படி உச்சரிப்பது என்பதே ஓதுவோரிடையே ஒரு பாடமாயிற்று: உஃப்ஃபின், உஃப்ஃபி, உஃப்ஃப என மூன்று விதமாகவும் ஓதும் மரபுகள் உண்டு.

இதே நூலில் இப்ராஹீம் நபி இரு முனைகளிலும் நிற்பது எனக்கு வியப்பளித்தது. 9:114இலும் 11:75இலும் அவர் "அவ்வாஹ்" எனப்படுகிறார். ஆஹ் என்ற குரலிலிருந்தே அமைந்த அச்சொல்லை, இரக்கத்தால் மிகுதியாகப் பெருமூச்செறிபவர் என்று உரையாசிரியர்கள் பலர் விளக்குகிறார்கள். அவரே 21:67இல், தம் மக்களையும் அவர்கள் வணங்கும் சிலைகளையும் நோக்கி "உஃப்" என்கிறார்.

உடன்பாட்டுச் சொற்களில் ஒன்று மொழி மாறியபோது வேலையும் மாறிவிட்டது. அரபியில் சாதாரணக் கேள்விக்கு "நஅம்" என்பார்கள். எதிர்மறையாகக் கேட்டதை மறுத்து ஆம் என்பதற்கு மட்டும் "பலா". "நான் உங்கள் இறைவன் அல்லவா" என்ற கேள்விக்கு 7:172இல் வரும் விடை பலாதான். அங்கே நஅம் என்றிருந்தால், ஆம், நீ இறைவன் அல்ல என்று பொருள் திரிந்திருக்கும். இந்தச் சொல் பாரசீகத்துக்குப் போய் "பலெ" ஆனது (நாம் தட்டிக்கொடுத்துச் சொல்லும் பலே வேறு), போன இடத்தில் அந்த நுட்பத்தை இழந்து, எல்லா இடத்துக்கும் பொருந்தும் மரியாதையான ஆம் ஆகிவிட்டது. நெருங்கியவர்களிடம் "ஆரெ", பெரியவர்களிடம் "பலெ". அஜர்பைஜானியில் இதே இணை "ஹெ" என்றும் "பெலி" என்றும் இருக்கிறது.

பலா விட்டுச்சென்ற காலியிடத்தைப் பாரசீகம் நிரப்பிய விதம் அழகானது. நீ வரவில்லையா என்று கேட்டால், வருகிறேன் என்பவர் "செரா" என்று தொடங்குவார். செரா என்றால் ஏன். "ஏன், வருகிறேனே" என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் வரும் இந்த விடையைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, ஏன் அப்படிக் கேட்டேன் என்று நான் பலமுறை பொறுமையாக விளக்கம் சொல்லியிருக்கிறேன்.