நிற்பது யார், ஓடுவது யார்: த்ரெட் டீபக்கிங் தேர்வுக்கு நான் படித்த விதம்

கழக்கூட்டத்தில் ரயில் ஏறி குழித்துறையில் இறங்கும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்று இன்டர்வியூவில் என்னைக் கவிழ்த்த கேள்விகள் இரண்டுதான். ஒரு புரோகிராமில் ஐந்து த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) ஓடுகிறது, ஒன்று பிரேக்பாயிண்டில், அதாவது நிற்கச் சொல்லிக் குறித்துவைத்த இடத்தில், முட்டி நிற்கிறது, மற்ற நாலும் என்ன செய்யும்? “ஓடிக்கொண்டே இருக்கும் சார்.” சரி, இப்போது அடுத்த வரிக்கு நகர்த்தும் நெக்ஸ்ட் கமாண்டைக் கொடுக்கிறீர்கள், எத்தனை த்ரெட் ஓடும்? “நின்ற அந்த ஒன்று மட்டும் சார்.” இரண்டும் தப்பு. இரண்டுக்கும் நேர் எதிராகச் சொல்லியிருந்தால்கூட இரண்டும் சரியாகியிருக்கும்.

காலேஜ் லேபில் ஜிடிபி தொட்டிருக்கிறேன், ஓடுகிற புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துத் தப்பைத் தேட உதவும் டீபக்கர் அது. ரெக்கார்டு நோட்டில் கமாண்ட் பட்டியல் அழகாக எழுதி கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நோட்டில் இருந்த புரோகிராம் அத்தனையும் ஒற்றை த்ரெட். அதை வைத்துக்கொண்டு சிஸ்டம்ஸ் வேலைக்குப் போனது என் தைரியம்.

தக்கலையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், பத்து வருஷமாகத் திருவனந்தபுரத்தில் வேலை. சனிக்கிழமை ஊருக்கு வருவார். அவர் வீட்டு வராந்தாவில்தான் எனக்கு இது விளங்கியது. வெளியே நல்ல மழை, கரண்ட் இல்லை, லேப்டாப்பில் நாற்பது சதவீதம் சார்ஜ், கையில் கட்டன் சாயா. நான் கமாண்ட் நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. “மக்கா, இத மூடி வை. ஒவ்வொரு தடவையும் நின்னது யாரு, ஓடுறது யாருன்னு மட்டும் கேளு. மத்ததெல்லாம் தானா வரும்” என்றார்.

தானாக ஒன்றும் வரவில்லை, இரண்டு வாரம் ஆனது. ஆனால் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிட்டது. தேர்வுக்கோ வைவாவுக்கோ படிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு வாரத்தை இங்கே சொல்கிறேன். லினக்ஸ், ஜிடிபி, சி மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது, டீபக்கருக்கு சொந்த அதிகாரம் எதுவும் கிடையாது. பிட்ரேஸ் என்ற சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலிடம் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கேட்டுத்தான் எல்லாம் நடக்கிறது. கெர்னல் கண்ணில் ஒவ்வொரு த்ரெட்டும் தனி ஆள், தனி எண். ஜிடிபி ஒரு புரோகிராமைத் தொடங்கும்போதே, “இவன் புதுசா யாரையாவது பெற்றால் எனக்குச் சொல்” என்று கெர்னலிடம் ஏற்பாடு செய்துவிடுகிறது. அப்புறம் புது த்ரெட் உண்டாக்க புரோகிராம் பிதிரெட் கிரியேட் கூப்பிட்டால் அடியில் குளோன் என்ற சிஸ்டம் கால் நடக்கும். கெர்னல் உடனே ஜிடிபியைத் தட்டி எழுப்பும், பிறந்த த்ரெட்டையும் நிறுத்தியே கையில் கொடுக்கும். ஜிடிபி அதன் எண்ணைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டு ஓட விடும். திரையில் நியூ த்ரெட் என்று ஒரு வரி வருகிறதே, அது இந்தப் பிறப்புப் பதிவுதான்.

ஏற்கனவே ஓடுகிற புரோகிராமில் போய் ஒட்டிக்கொள்வது வேறு கதை. அப்போது, ஓடுகிற புரோகிராம்களின் விவரத்தைக் கெர்னல் காட்டும் ப்ராக் ஃபோல்டருக்குள் அந்தப் புரோகிராமின் டாஸ்க் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு எண்ணாகப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பிறந்துவிட்டால்? அதனால் ஜிடிபி பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்கும், தொடர்ந்து இரண்டு சுற்றில் புது ஆள் யாரும் இல்லை என்றால்தான் நிறுத்தும். கல்யாண வீட்டில் பந்திக்குத் தலை எண்ணுகிறவர் செய்வதும் இதைத்தான். நீங்கள் உபுண்டுவில் இதைச் செய்தால் முதல் தடவை அனுமதி இல்லை என்று முகத்தில் அடிக்கும். யாமா என்ற பாதுகாப்பு ஏற்பாடு தன் பிள்ளை அல்லாத புரோகிராமில் ஒட்ட விடாது. சூடோ போட்டு நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டினால் சரியாகிவிடும். நான் இதற்கு ஒரு ராத்திரி முழுக்க ஜிடிபியை அழித்து அழித்துப் போட்டேன்.

ஒரே த்ரெட்டுக்கு மூன்று பெயர் இருப்பதும் குழப்பும். ஜிடிபி கொடுக்கும் 1, 2, 3 என்ற வரிசை எண், எல்டபிள்யூபி என்று வரும் கெர்னல் எண், அப்புறம் நீளமான ஒரு பதினாறடிமான எண். ரேஷன் கார்டில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர், சந்தையில் ஒரு பேர் என்று இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், ஆள் ஒன்றுதானே. எல்டபிள்யூபி எண்ணை மட்டும் கவனமாகப் பாருங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இனி என்னைக் கவிழ்த்த கேள்வி. பிரேக்பாயிண்ட் என்பது எக்ஸ்86-ல் (இன்டெல், ஏஎம்டி சிப் வகை) ‘இங்கே நில்’ என்று சொல்லும் ஒரே ஒரு பைட், 0எக்ஸ்சிசி. கோடில் அந்த இடத்து முதல் பைட்டை எடுத்து வைத்துவிட்டு இதை எழுதுவார்கள். ரெஜிஸ்டர் (சிபியு கைவசம் வைத்திருக்கும் சின்ன நினைவிடம்) ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி, ஆனால் மெமரி எல்லோருக்கும் பொது. இந்த ஒரு வரியை மனதில் பதித்துவிட்டால் பாதி வைவா முடிந்தது. பைட் பொது என்பதால் அந்த வழியாக வரும் எந்த த்ரெட்டும் முட்டும். மூன்றாவது த்ரெட்டுக்கு மட்டும் பிரேக்பாயிண்ட் என்று சொன்னாலும் எல்லாமே முட்டத்தான் செய்யும், முட்டியது மூன்றாவது இல்லை என்றால் ஜிடிபி சத்தமில்லாமல் அனுப்பிவிடும்.

ஒன்று முட்டியதும் ஜிடிபி மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிற்கச் சொல்லி சிக்னல் அனுப்பி, எல்லாம் நின்றதா என்று பார்த்த பிறகுதான் உங்களிடம் வரும். இதுதான் வழக்கமான ஆல்ஸ்டாப் முறை. மற்றவை இன்ன வரியில்தான் நிற்கும் என்ற கணக்கு கிடையாது, ஒரு வரியின் நடுவில்கூட நிற்கலாம்.

நின்ற இடத்திலிருந்து கிளம்புவதிலும் ஒரு சிக்கல். பழைய பைட்டைத் திரும்ப வைத்து ஒரு அடி நகர்ந்து மறுபடி 0எக்ஸ்சிசி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறு த்ரெட் ஓடினால் பிரேக்பாயிண்டைத் தாண்டிப் போய்விடும், ஆகவே அந்த ஒரு அடிக்கு மற்றவர்களை நிறுத்தியே வைக்க வேண்டும். எடுத்துவைத்த கட்டளையை வேறு இடத்துக்கு நகலெடுத்து அங்கே ஓட்டும் இன்னொரு வழியும் உண்டு. ஆனால் நீங்கள் நெக்ஸ்ட் கொடுத்து முழு வரியைத் தாண்டும்போது, வேறு ஒன்றும் சொல்லாதவரை, எல்லா த்ரெட்டும் ஓடும். நீங்கள் இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருக்க நாலாவது வேறெங்கோ முட்டி, ஸ்விட்ச்சிங் டு த்ரெட் என்று திரை அங்கே தாவுவது இதனால்தான்.

தாவக்கூடாது என்றால் ஜிடிபியில் ஷெட்யூலர் லாக்கிங் என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். அப்போது நடப்பு த்ரெட் மட்டுமே நகரும். இதில் நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன். லாக்கிங் ஆன் செய்து வைத்து, மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) லாக் வரியில் நெக்ஸ்ட் கொடுத்தேன். அந்தப் பூட்டு அப்போது இன்னொரு த்ரெட்டிடம். அதை விடுவிக்க வேண்டியவனை நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். லேப்டாப் தொங்கிவிட்டது என்று நினைத்துப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். கன்ட்ரோல் சி அடித்தால் போதும் என்று அப்போது தோன்றவில்லை. ஷெட்யூலர் லாக்கிங்கிலேயே ஸ்டெப் என்று ஒரு நடுத்தர அமைப்பு இருக்கிறது. வரி வரியாக நகரும்போது மட்டும் பூட்டு, கன்டினியூ கொடுத்தால் எல்லோரும் ஓடுவார்கள். நான்ஸ்டாப் முறையில் முட்டியது மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். இன்டர்வியூவில் நான் உளறிய முதல் பதில் இந்த முறைக்குத்தான் பொருந்தும்.

பழகிப் பார்க்க ஒரு புரோகிராம் போதும். இரண்டு கணக்கு, இரண்டு பூட்டு. ஒரு த்ரெட் முதல் கணக்கைப் பூட்டி, ஒரு செகண்ட் தூங்கி, இரண்டாவதைப் பூட்டப் போகட்டும். மற்றது தலைகீழாகச் செய்யட்டும். ஓட்டினால் இரண்டும் உறைந்துவிடும். குலசேகரம் பக்கம் குறுகலான ரோட்டில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்து நிற்பது போல. இப்போது ஜிடிபியை ஒட்டி, த்ரெட் அப்ளை ஆல் பிடி என்று எல்லோருடைய அழைப்பு அடுக்கையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) ஒரே மூச்சில் வாங்குங்கள். இரண்டும் பூட்டுக்காகக் காத்திருப்பது தெரியும். அதோடு நிறுத்தாமல் மியூட்டெக்ஸ் இரண்டையும் பிரிண்ட் செய்யுங்கள். உள்ளே ஓனர் என்று ஒரு எண் இருக்கும். அது எல்டபிள்யூபி எண்! யார் கையில் எந்தப் பூட்டு என்பது அங்கேயே எழுதியிருக்கிறது. இதை முதலில் பார்த்த அன்று நான் நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஒரு செகண்ட் தூக்கத்தை எடுத்துவிட்டும் ஓட்டிப் பாருங்கள். சில சமயம் உறையும், சில சமயம் உறையாது. டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நகர்த்தினால் நேரமே மாறிப்போய் தப்பு ஒளிந்துகொள்ளும். அதனால் இப்படிப்பட்ட தப்புக்கு முதலிலிருந்து நகர்த்துவதைவிட, உறைந்த பிறகு போய் ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

அடுத்த இன்டர்வியூ ஆறு வாரம் கழித்து, வேறு இடத்தில். கம்ப்யூட்டர் இல்லை. ஒரு தாளில் ஜிடிபி வெளியீட்டை அச்சடித்துக் கொடுத்து, “புரோகிராம் நகரவில்லை, ஏன்?” என்றார்கள். மூன்று த்ரெட், 4310, 4311, 4312. நான் கமாண்ட் எதையும் யோசிக்கவில்லை. இரண்டு ஓனர் எண்ணையும் பேனாவால் வட்டமிட்டு, 4311 இலிருந்து 4312க்கு ஒரு அம்பு, திரும்ப ஒரு அம்பு. இரண்டு த்ரெட்டும் கணக்கு எண் வரிசையில் பூட்டினால் சரியாகும் என்றேன். கேள்வி கேட்டவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ 4310?”

“அது மெயின் சார். மற்ற இரண்டும் முடியட்டும் என்று ஜாயினில் காத்திருக்கிறது, அதன்மேல் தப்பில்லை.”