யாருடையது இந்த பாட்டில்?

பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன் என்றால், உறவுக்காரர்கள் முதலில் கேட்பது "முடி கொட்டுமா?" என்றுதான். கொட்டுகிறது. அதற்குக் காரணம் எங்கள் பகுதித் தண்ணீர். உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்ய சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறோம். என்னுடையது பெரும்பாலும் பூஜ்யம் என்றே திரும்பி வருகிறது. சட்டப்படி எனக்கு ஆண்டுச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை அனுமதி உண்டு. அதன் ஓரத்தைக்கூடத் தொட்டதில்லை.

அன்றாட வேலையில் பெரும்பகுதி உயிரியல் ஆய்வகங்களில்தான். டி.என்.ஏ.வில் அடையாளம் வைக்க, கதிர்வீச்சு வெளியிடும் பாஸ்பரஸ்-32 வாங்குவார்கள். புதிதாகச் சேரும் மாணவர்கள் நேராக ஈயத் தகட்டைத் தேடுவார்கள். அது தப்பு. அதிலிருந்து வரும் பீட்டா துகள் ஈயத்தில் மோதினால் எக்ஸ்ரே கிளம்பும். ஒரு சென்டிமீட்டர் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) பலகை போதும். கதிர்வீச்சை விளக்க நான் பையில் வைத்திருப்பது பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் (எரியும் வலை) ஒன்று. அந்தக் காலத்து மேண்டிலில் தோரியம் உண்டு. கதிர்வீச்சை அளக்கும் கவுன்ட்டரைப் பக்கத்தில் கொண்டுபோனதும் கிர்ரென்று கத்தும். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இதைத்தானே மேடம் ஏத்துனாங்க" என்று யாராவது பதறுவார்கள். அன்றைய வகுப்பை அதற்கப்புறம் யாரும் மறப்பதில்லை.

ஒருநாள் இரவு பத்தரைக்கு ஒரு மாணவரிடமிருந்து போன். பாஸ்பரஸ் கரைசல் தரையில் சிந்திவிட்டதாம். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தார். "உட்கார வேண்டியதுதானே தம்பி?" என்றேன். "காலால் பரப்பக் கூடாது, அசையாதீங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க." கவுன்ட்டரை வைத்துப் பார்த்தால் வலது ஷூவின் அடியில் மட்டும் சத்தம். ஷூவைக் கழற்றி, பையில் கட்டி, தேதியும் பெயரும் எழுதிக் கழிவறையில் வைத்தேன். (நாங்கள் கழிவு வைக்கும் அறையைத்தான் சொல்கிறேன், இந்தச் சொல்லால் எத்தனையோ குழப்பம் வந்திருக்கிறது.) பாஸ்பரஸ்-32 சுமார் 14.3 நாளில் பாதியாகும். பத்து அரை ஆயுள், அதாவது ஐந்து மாதம் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஐந்து மாதம் கழித்து அவரைக் கூப்பிட்டு ஷூவைக் கொடுத்தேன். அதற்குள் புதிது வாங்கியிருந்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஆள் நின்று கூப்பிடுகிற விபத்தை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. கெடுவது யாரும் கூப்பிடாத பொருட்களால்.

வேதியியல் துறையின் பழைய கட்டடத்தில் அட்டெண்டர் அண்ணன் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடம், உள் அலமாரியில் ஒரு மஞ்சள் பாட்டில் இருக்கு. பழைய சார் காலத்துது. நாங்க யாரும் தொடறதில்ல." கண்ணாடி பாட்டில். மைப்பேனாவில் எழுதிய லேபிள் பழுப்பேறி, பாதி எழுத்தைப் பூச்சி தின்றிருந்தது. உள்ளே பச்சை கலந்த மஞ்சளில் படிகங்கள். யுரேனைல் நைட்ரேட், அதாவது யுரேனிய உப்பு. கவுன்ட்டர் கத்தியது, பயப்படும் அளவுக்கு இல்லை, விட்டுவிட்டுப் போகும் அளவுக்கும் இல்லை. யுரேனியத்துக்கு ஐந்து மாதக் கணக்கெல்லாம் கிடையாது. அதன் அரை ஆயுள் 450 கோடி ஆண்டு.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் அப்படி ஒரு பாட்டிலே இல்லை. ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு போன் செய்தால், "அதுவா, இன்னும் இருக்கா?" என்று சிரித்தார். பாட்டிலை எடுத்துப் பூட்டப் பத்து நிமிடம். அது யாருடையது என்று காகிதத்தில் ஏற்ற ஏழு மாதம்.

டில்லி மாயாபுரியில் 2010-இல் நடந்ததும் இப்படி மறந்துபோன பொருளால்தான். டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி 1985-க்குப் பிறகு பயனில்லாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் போனது. உள்ளே கோபால்ட்-60. அது 5.27 ஆண்டில் பாதியாகும். கிடந்த 25 ஆண்டில் நான்கு தடவைக்கு மேல் பாதியாகியும், பிரித்தெடுத்த பழைய இரும்புக் கடையில் ஒரு தொழிலாளியின் உயிரை எடுத்தது. இன்னும் சிலர் மருத்துவமனையில் கிடந்தார்கள்.

அதனால் எங்களிடம் எந்த ஏலப் பட்டியலும் என் கையெழுத்து இல்லாமல் நகராது. போன வாரப் பட்டியலில் பதினான்கு ஃபிரிட்ஜ், மூன்று சென்ட்ரிஃப்யூஜ், கடைசி வரியில் "உபகரணம், பெயர் தெரியவில்லை – 1". ஸ்டோரில் கேட்டேன். "சின்னப் பெட்டிதான் மேடம். ஆனா நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியல."

வயிற்றைக் கலக்கியது. சின்னதாக இருந்து கனமாக இருந்தால் ஈயம். ஈயம் இருந்தால் அது எதையோ மறைக்க. கவுன்ட்டர் அமைதியாக இருப்பதும் அங்கே ஆறுதல் இல்லை. எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பழைய புகைப்படங்கள், கொள்முதல் கோப்புகள் என்று இரண்டு நாள் தேடினேன். வெளிக் கதிர்வீச்சு உள்ளே வராமல் இருக்க, பழைய கவுன்ட்டர் ஒன்றைச் சுற்றி வைத்த ஈயக் கவசம் என்று தெரிந்தது. மீட்டரைப் பிடித்தபடி மூடியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். காலி.

ஈயத்துக்கு நல்ல விலை என்று ஏலக்காரருக்கு ஒரே சந்தோஷம்.