ஜன்னல் மூலையில் ஒரு மண்குளவி

ஜூன் 4
ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையில் மண்குளவி கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது. கறுப்பு உடல், மஞ்சள் கால்கள், நூல் இடுப்பு. குழாயடி ஈர மண்ணைத் தாடையால் உருட்டி எடுத்து வருகிறது. அதை இழுத்துப் பூசும்போது மட்டும் ரீங்காரம் கூர்மையாகிறது. அந்த அதிர்வில் மண் குழைந்து படிகிறது. புது மண் கருத்தும் பழைய மண் வெளுத்தும் இருப்பதால், எந்த வளையம் எந்த நடையில் வந்தது என்று கீழே நின்றே சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஜூன் 5
விரல் பருமனில் ஓர் அறை தயார். இனி சிலந்தி வேட்டை. கொட்டுவது கொல்வதற்காக அல்ல, செயலிழக்க வைப்பதற்கு. செத்த சிலந்தி அழுகிவிடும்; அசைவற்றுக் கிடப்பது புழுவுக்குக் கெடாத உணவு. ஓர் அறைக்குள் ஒரு டஜனுக்கும் மேல்கூடத் திணிக்கும். அவற்றில் ஒன்றின் மேல் ஒரே ஒரு முட்டை. பொழுது சாய்ந்தும் அறை நிறையவில்லை. மெல்லிய மண்மூடி போட்டுவிட்டுப் போய்விட்டது.

ஜூன் 6
காலையில் மூடியைப் பிய்த்து, மீதியை நிரப்பி, கனமாக அடைத்தது. ஒட்டினாற்போல அடுத்த அறை.

ஜூன் 9
"கொட்டிடும், தட்டிவிடு" என்கிறார்கள் வீட்டில். இது கூட்டமாக வாழும் குளவி இல்லை. காவலுக்கு வேலைக்காரிகள் கிடையாது, கூட்டருகே போனாலும் துரத்தாது. கையில் பிடித்து நசுக்காதவரை பயமே வேண்டாம். கூடு அங்கேயே இருக்கட்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 11
பச்சையும் நீலமுமாக மின்னும் இன்னொரு குளவி கூட்டின் மேல் ஊர்ந்தது. அழகுதான், ஆனால் இதுதான் ஆபத்து. அடுத்தவர் கட்டிய அறைக்குள் முட்டையிடும் இனம். அதன் புழு, உரிமைக்காரப் புழுவைத் தின்று வளரும்.

ஜூன் 13
அறைகள் எல்லாவற்றுக்கும் மேல் ஒரே பூச்சாக மண் அப்பிவிட்டுத் தாய்க்குளவி போய்விட்டது. பிள்ளைகளை அது பார்க்கப்போவதே இல்லை. கூடு காணாமல் போனால் குளவி என்ன செய்யும் என்று அறிய, பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ர் (1823–1915) இப்படி ஒரு கூட்டைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துப் பார்த்தார். குளவி திரும்பி வந்து, கூடு இல்லாத வெறும் சுவரிலேயே மண்ணைப் பூசிக்கொண்டிருந்ததாம். அவருக்கு விடை கிடைத்தது, சரி. இந்தக் கூட்டைப் பெயர்க்க எனக்கு மனம் வராது.

ஜூலை 14
ஓர் அறையில் வட்டமான ஓட்டை! கீழே மண்தூள். உள்ளே பழுப்பு நிறக் கூட்டுறையின் கிழிசல் தெரிகிறது. புழு சிலந்திகளைத் தின்று முடித்ததும் தன்னைச் சுற்றிப் பின்னிக்கொண்ட உறை அது. வெளியே வந்தது மண்குளவியா, பச்சைக்காரியா? நான் பார்ப்பதற்குள் பறந்துவிட்டது. மற்ற அறைகள் இன்னும் மூடியே இருக்கின்றன. நாளை விடியும் முன்பே ஜன்னலடிக்கு வந்துவிட வேண்டும்.