ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

2021 மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டு மேசையில் ஒரு சிறு பெட்டியை வைத்து, இனி நான் எவரிடமும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார். உள்ளே இருந்தது மின்னூல்களைக் காட்டும் ஒரு மின்மைத் திரை வாசிப்பான். புளூடூத் செவிப்பொறியை இணைத்ததும் அது தெளிவான ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. பட்டியல்களைச் சொன்னது, நூலின் தலைப்பைச் சொன்னது, எத்தனை வீதம் வாசித்திருக்கிறேன் என்பதையும் சொன்னது. ஆனால் ஒரு தமிழ் நூலைத் திறந்தவுடன் அது ஊமையாகிவிட்டது. பக்கத்தில் எழுத்துகள் அச்சிட்டதைப் போல அழகாக இருப்பதாகப் பக்கத்திலிருந்த பெறாமகள் சொன்னாள். அந்த அழகு எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டு வாரம் அமைப்புகளைக் கிளறிப் பார்த்துவிட்டு அவளிடமே அதைக் கொடுத்துவிட்டேன்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாகத் திருகோணமலைப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று வைத்தியர்கள் சொல்லும் பரம்பரைக் கண்ணோய் எனக்கு உண்டு. அது முதலில் இரவுப் பார்வையைக் கொண்டுபோகும். பிறகு பக்கப் பார்வையைச் சுருக்கிச் சுருக்கி, குழாயினூடே பார்ப்பது போன்ற ஒரு சிறு வட்டத்தை மட்டும் விட்டுவைக்கும். என் விடயத்தில் அந்த வட்டமும் 2020 அளவில் எழுத்தைப் பிரித்தறிய முடியாதவாறு மங்கிவிட்டது. மாணவிகளும் பெறாமகளும் முகம் சுளிக்காமல் வாசித்துக் காட்டினார்கள்தான். இருந்தாலும், ஒரு செய்யுளின் மூன்றாம் அடியை ஐந்தாவது தடவையாகத் திருப்பிச் சொல்லும்படி இன்னொருவரைக் கேட்பதிலுள்ள கூச்சம் சிறியதன்று.

என் தேடலைத் திருத்தியவர் மட்டக்களப்பில் இருக்கும் ஓர் அண்ணன். பிறவியிலேயே பார்வையற்றவர், திரையிலுள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளோடு பல ஆண்டுகள் பழகியவர். எந்தக் கருவியை வாங்கலாம் என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "ரீச்சர், சாமான் வாங்குறத விடுங்க. என்னத்த வாசிக்கப் போறீங்க எண்டு முதல்ல எழுதி வைங்க. அதுக்குப் பிறகு குரலப் பாருங்க. கருவி கடைசி" என்றார். அப்போது அதை ஒரு தட்டிக்கழிப்பாகவே எடுத்துக்கொண்டேன். அந்த வரிசை எவ்வளவு சரியானது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது.

நான் வாசிக்க வேண்டியிருந்தவற்றை எண்ணிப் பார்த்தபோது, அவை எல்லாவற்றையும் நூல் என்ற ஒரே பெயரால் அழைக்கலாமே தவிர, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்களாக இருந்தன. சங்கப் பாடல்களும் காப்பியங்களும் மதுரைத் திட்டத்தில் கிடைத்தன. 1998 தைப்பொங்கலோடு தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சியின் கோப்புகள் ஒருங்குறியில், அதாவது எந்தக் கணினியும் தமிழ் எழுத்தாகவே அறியும் குறிமுறையில், கிடைப்பதால், தமிழ்க் குரலுள்ள எந்தத் திரைவாசிப்பானும் அவற்றை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்புகளும் அப்படியே. ஈழத்து நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் நூலகம் திட்டத்தை விட்டால் வேறு போக்கிடமில்லை. ஆனால் அங்கு பாதுகாக்கப்படுபவை பெரும்பாலும் அச்சுப் பக்கங்களை ஒளிவருடிய படங்கள். ஆவணத்தைக் காப்பதற்கு அதுவே முறை. கண்ணால் வாசிப்பவர்க்கு அது நூல். என் திரைவாசிப்பானுக்கோ அது வெற்றுப் பக்கம்.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தவை சக ஆசிரியர்கள் அனுப்பிய குறிப்புகளும் வினாத்தாள்களுமே. முதன்முதலாக ஒன்றைத் திறந்து எழுத்தெழுத்தாகக் கேட்டபோது, "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று கணினி சொன்னது. கோப்புப் பழுதாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் அனுப்பச் சொன்னேன். மறுபடியும் அதே ஜே, கே, பி, ஓ. பிறகுதான் விளங்கியது, அது "தமிழ்" என்ற சொல். இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர்கள் இன்றும் ஏராளம். அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறது. கண் தமிழைக் காண்கிறது, கணினி ஆங்கில எழுத்துகளையே காண்கிறது. எழுத்துருமாற்றியில் இட்டு ஒருங்குறியாக மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. ஆனால் இப்படியொரு சிக்கல் இருக்கிறதென்று அறியாதவர், எத்தனை விலையுயர்ந்த வாசிப்பானை வாங்கினாலும் அது ஜே, கே, பி, ஓ என்றே வாசிக்கும்.

ஒருங்குறியில் தட்டெழுதிப் பிடிஎஃப் ஆக்கிய கோப்புகள் வேறொரு விதமாக ஏமாற்றின. அவற்றுட் சிலவற்றில் கொம்பு தனக்குரிய மெய்யைவிட்டு விலகி முன்னே வந்து நின்றது. "கொடு" என்ற சொல்லின் கொம்பும் காலும் வெவ்வேறாகப் பிரிந்து, நடுவில் ககரம் அநாதையாக நின்றது. அன்றிலிருந்து எவரிடமும் பிடிஎஃப் கேட்பதில்லை. அதற்கு மூலமான வேர்ட் கோப்பையே கேட்கிறேன். படப் பக்கங்களுக்கு, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் கூகிள் டிரைவின் எழுத்துணரி வசதி பெரிதும் கைகொடுத்தது. கோப்பை அங்கே ஏற்றிக் கூகிள் டொக்ஸில் திறந்தால் தமிழ் உரை கிடைக்கிறது. என்றாலும் பழைய அச்சில் காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றுவதால் "ரா" இருக்க வேண்டிய இடத்தில் "ரர" வரும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறையாவதற்கு முந்திய ணா, றா, லை, னை வடிவங்கள் அதனைக் குழப்பும். இரண்டு பத்தியாக அச்சிடப்பட்ட சஞ்சிகையில் இடப்பக்கச் சிறுகதையின் வரி வலப்பக்க விளம்பரத்துக்குள் போய் முடியும். ஒருமுறை ஒரு தாயின் மரணச் செய்தி பற்பொடி விளம்பரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பதா என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை கேட்டேன்.

குரலைத் தெரிவுசெய்வதற்காக நான் ஒரு பக்கப் பரீட்சைத்தாள் தயாரித்தேன்; ஆசிரியையின் புத்தி அப்படித்தான் போகும். அதில் மனம், மணம், அரம், அறம், வலி, வளி, வழி, முந்நாள், முன்னாள் ஆகியன இருந்தன. க.பொ.த., இ.போ.ச., கி.மு. போன்ற சுருக்கங்களும், ஓர் ஆண்டும், ஒரு பெருந்தொகை ரூபாயும், சந்தி பிரிக்காத ஒரு வெண்பாவும், ரொறன்ரோ என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் கூகிளின் தமிழ்க் குரலையும், ஈஸ்பீக் என்ற கட்டற்ற மென்பொருளின் தமிழ்க் குரலையும் இந்தப் பக்கத்தை வாசிக்கவைத்தேன். கூகிளின் குரல் மனிதக் குரலுக்கு நெருக்கமானது. கதை கேட்க இதமானது. ஈஸ்பீக்கின் குரல் தகரத்தைத் தட்டியது போன்றது, பெறாமகள் காதைப் பொத்திக்கொண்டு "சின்னம்மா, இதை எப்படிப் பொறுத்துக்கொள்றீங்க?" என்று கேட்டாள். ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட இதமான குரலின் மெய்கள் குழைந்தன. தகரக் குரல் கலங்கவில்லை. இரு குரல்களுமே சுருக்கப் புள்ளியில் சில வேளை வாக்கியம் முடிந்ததாக எண்ணி மூச்செடுத்தன. "ரொறன்ரோ"வை, நாம் நாவில் டொரன்டோ என்று சொல்வது போலன்றி, எழுதியவாறே ரகர உருட்டலோடு வாசித்தன. அந்தக் குரல்கள் கற்ற தமிழ் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ளது. நம்முடைய ரகர வழக்கை அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

முந்நாளும் முன்னாளும் எந்தக் குரலிலும் ஒன்றாகவே ஒலித்தன. இது குரலின் பிழையன்று. நாமும் அப்படித்தானே ஒலிக்கிறோம். ஆனால் காதால் மட்டும் வாசிக்கும் ஒருவர் நாளடைவில் எழுத்துக்கூட்டலை இழந்துவிடுவார் என்ற அச்சம் எனக்கு அந்த இடத்தில்தான் தோன்றியது. தமிழ் ஆசிரியைக்கு அது உத்தியோகத்தையே இழப்பது போன்றது. ஆகவே எழுத்தெழுத்தாக நின்று கேட்கும் வசதி இல்லாத எந்தச் செயலியும் எனக்கு ஆகாது என்று முடிவுசெய்தேன். உரத்து வாசிக்கும் பொத்தான் ஒன்றை வைத்திருக்கும் செயலிகள் பல; அவை தொடக்கத்திலிருந்து ஓடும், நிறுத்தினால் நிற்கும், அவ்வளவுதான். ஒரு சொல்லில் நின்று "இது றகரமா, ரகரமா" என்று கேட்க அவற்றில் வழியில்லை. பார்வையுள்ளவர்கள் ஒரு செயலியைப் பேசும் செயலி என்று பரிந்துரைக்கும்போது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இதற்கு முழுமையான விடை பிரெய்ல்தான் என்பதை மட்டக்களப்பு அண்ணன் தம் ஓர்பிட் ரீடரை மூன்று நாள் இரவல் தந்தபோது உணர்ந்தேன். பிரெய்ல் எழுத்துகளைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும், இருபது கலங்கள் கொண்ட சிறு கருவி. வரியொன்று முடிந்ததும் புள்ளிகள் தாழ்ந்து அடுத்த வரி எழும். தமிழ்ப் பிரெய்லில் நகரத்துக்கும் னகரத்துக்கும் வெவ்வேறு புள்ளிகள் இருப்பதால், முந்நாள் முந்நாளாகவே விரலுக்குத் தட்டுப்பட்டது. நாற்பது தாண்டிப் பிரெய்ல் படிக்கத் தொடங்கிய என் விரலுக்கு ஒரு பக்கம் அரை மணித்தியாலம் பிடித்தது. டொலர் விலையையும் அந்த ஆண்டு நம் ரூபாய் இருந்த நிலையையும் சேர்த்துப் பார்த்தபின், கருவியைப் பொதி செய்து மட்டக்களப்பு பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன்.

செயலித் தெரிவு, குரல் முடிவானபின், விரைவாகவே நடந்தது. சில செயலிகளில் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. விரலை வைத்தால், கைத்தொலைபேசியின் திரைவாசிப்பானாகிய டோக்பேக் "பெயரிடப்படாத பொத்தான்" என்று ஐந்து தடவை சொல்லும். வேறு சில, பக்கத்தைப் படமாக வரைந்துவிடுவதால் உள்ளே உரையே இல்லாதது போல் நடந்துகொள்ளும். பக்க இறுதியில் வாசிப்பு அறுந்துபோகிறதா, திரையை அணைத்தாலும் தொடர்கிறதா, மூடித் திறந்தால் விட்ட இடத்துக்கு வருகிறதா என்ற மூன்று கேள்விகளில் பெரும்பாலானவை விழுந்தன. கைத்தொலைபேசியில் அட் வொய்ஸ் அலவுட் ரீடர் தேறியது. அதில் தவறாக ஒலிக்கும் சொல்லுக்குத் திருத்தம் எழுதி வைக்கலாம் என்பதால், என் ரொறன்ரோ இப்போது சரியாகவே ஒலிக்கிறது. மடிக்கணினியில், பாரிஸைச் சேர்ந்த ஈடிஆர்லாப் இலவசமாக வழங்கும் தோரியம் ரீடரை, அவுஸ்திரேலியாவில் பிறந்த கட்டற்ற திரைவாசிப்பானாகிய என்விடிஏயோடு பயன்படுத்துகிறேன். பாடநூல் போல இயல்களும் உபதலைப்புகளும் உள்ளவற்றுக்கு அதுவே ஏற்றது; ஈபப் கோப்பில் தலைப்புகள் தலைப்புகளாகவே குறிக்கப்பட்டிருந்தால், மூன்றாம் இயலின் இரண்டாம் பகுதிக்கு ஒரு கணத்தில் போய்விடலாம். தடித்த எழுத்தால் மட்டும் தலைப்பைக் காட்டியிருந்தால் முடியாது. பார்வையற்றோருக்கான டெய்சி என்ற நூல் வடிவத்தின் நெடுநாள் அனுபவம் 2011இல் வந்த ஈபப் மூன்றாம் பதிப்புக்குள் சேர்க்கப்பட்டதன் பயன் இது.

காசு கொடுத்து வாங்கும் நூல்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. 2009இல் அமேசான் தன் இரண்டாவது கிண்டிலுக்கு உரத்து வாசிக்கும் வசதியை அளித்தபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அது ஒலிநூல் உரிமையைப் பாதிக்கும் என்று ஆட்சேபித்தது. அதன்பின் எந்த நூல் பேசலாம் என்பது பதிப்பாளரின் தீர்மானமாயிற்று. வேறு செயலியில் திறக்க முடியாதபடி பூட்டிய நூலை என் செயலிக்குள் கொண்டுவர முடியாது. பார்வையற்றோருக்கு ஏற்ற பிரதிகளை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் உரிமையாளரின் அனுமதியின்றியே ஆக்கவும் நாடுகளிடையே பரிமாறவும் இடமளிக்கும் 2013ஆம் ஆண்டு மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்துள்ளது. அது என் மேசைக்கு வந்து சேரும்வரை காத்திராமல், நான் எழுத்தாளர்களுக்கே நேரில் எழுதத் தொடங்கினேன். மூதூர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் தம் தொகுதியின் முழுக் கோப்பையும் அன்றிரவே மனமுவந்து அனுப்பிவைத்தார். திறந்து பார்த்தேன், பாமினி.

குரல்கள் இணையத்தை நம்பியிராமல் கைத்தொலைபேசியிலேயே இறங்கியிருக்க வேண்டும் என்பதை 2022 பங்குனி இறுதியில் கற்றேன். அப்போது மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. இணையமும் விட்டுவிட்டு வந்தது. முன்னரே தரவிறக்கிய குரல் மட்டும் தளராமல் வாசித்தது. அந்த இருட்டில் எங்கள் வீதியில் தடங்கலின்றி வாசித்துக்கொண்டிருந்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். செவிப்பொறியிலும் ஒரு மாற்றம் செய்தேன். காதை அடைக்கும் வகையைப் போட்டுக்கொண்டு வெள்ளைப்பிரம்போடு வீதியில் இறங்குவது ஆபத்து. கன்னத்து எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகை காதைத் திறந்தே விடுகிறது, முச்சக்கரவண்டி வருவது கேட்கும். நம் ஊர் மான்களை மட்டும் எந்தச் செவிப்பொறியாலும் கேட்க முடியாது. அவை நடுவீதியில் சத்தமின்றி நிற்கும், பிரம்புதான் முதலில் சொல்லும்.

இப்போது மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் சிலர் எந்தக் கருவி நல்லது என்று கேட்டு அழைக்கிறார்கள். நான் அந்த ஒரு பக்கப் பரீட்சைத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கையிலிருக்கும் கைத்தொலைபேசியில் முதலில் இதை வாசிக்கவைத்துப் பாருங்கள் என்கிறேன். சென்ற கிழமை கிண்ணியாவிலிருந்து ஒரு தாய், மகனின் வகுப்புக் குறிப்பைத் தொலைபேசி ஏதோ ஆங்கிலத்தில் பிதற்றுகிறது என்றார். "ஜே, கே என்று தொடங்குகிறதா?" என்று கேட்டேன். ஆம் என்றார். கோப்பை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மொத்தம் 64 பக்கம், இன்று 30 வரை மாற்றியாயிற்று.