அப்புத்தளை மலையில் தீக்கு நின்றவர்கள்

பட்டிப்பொல ஸ்டேசனைத் தாண்டி, ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் இலங்கையின் ஊவா மாகாணம். ஓகஸ்ட் மாதத்தில் இந்தப் பயணம் போனவர்களுக்குத் தெரியும், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் தூறல், இந்தப் பக்கம் சுள்ளென்று வெயில். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் எங்கள் ஹட்டன் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காய்ந்த காற்றாக மலையைத் தாண்டி இறங்குகிறது. ஒஹியவுக்குப் பிறகு சரிவெல்லாம் மானாப்புல் வெளுத்துக் கிடந்தது. நடுநடுவே பெரிய பெரிய கறுப்புத் திட்டுகள். எதிர் சீட்டில் இருந்த பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கறுப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்புத்தளைக்கு எல்லோரும் லிப்டன் சீட் என்கிற மலைக் காட்சிமுனையைப் பார்க்கத்தான் வருவார்கள். நானும் போனேன், பார்த்தேன், பனி விலகவில்லை, இறங்கிவிட்டேன். நான் வந்த காரியம் வேறு. இங்கே ஒரு தோட்டத்தில் சில பேர் சேர்ந்து சங்கம் ஒன்று நடத்துகிறார்கள். கோடையில் காட்டுத்தீக்கு ஓடிப் போகிறவர்கள். மற்ற நாட்களில், அந்தக் காலத்தில் தீயணைத்தவர்களின் ஞாபகங்களையும் சாமான்களையும் சேர்த்து வைக்கிறார்கள். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் என் சிநேகிதி சொல்லித்தான் தெரியும். தங்கள் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.

பழைய பிள்ளைக் காம்பரா ஒன்றுதான், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன அறை, அவர்கள் இடம். தகரக் கூரை, சாணி நிறத்தில் சுவர், உள்ளே இரண்டு வாங்கு. ஆட்டோ ஓட்டுகிறவர், மலையில் வேலை செய்கிறவர்கள், ஒரு ரிட்டயர்ட் ரயில்வே ஊழியர், பக்கத்து சிங்களக் கிராமத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், இப்படிக் கலந்த கூட்டம். யாருக்கும் சம்பளம் கிடையாது. பூட்ஸ் வாங்கக்கூட ஆளுக்கு ஆள் காசு போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

சுவரோரமாக வரிசையாகச் சாமான்கள். கவ்வாத்துக் கத்தி, சுரண்டி, மம்பட்டி. பழைய டயரைப் பட்டையாக வெட்டி நீளக் கம்பில் ஆணியடித்த தீயடிக்கிற கட்டை. மருந்தடிக்கிற டாங்கி ஒன்று, அதில் தண்ணீர் நிரப்பி முதுகில் போட்டுக்கொண்டு தணலில் பீச்சுவார்களாம். அந்தக் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். டயர் நுனி உருகி ஓரம் சுருண்டிருந்தது. கம்பில் இரண்டு கை பிடித்த இடம் மட்டும் வழுவழுவென்று பள்ளம் விழுந்து மினுங்கியது. எத்தனை கோடை, எத்தனை கை!

ஒரு மூலையில் தப்புப் பறை தொங்கியது. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட அடித்த தப்பு. தீ பிடித்தால் அதையே வேறு மாதிரி அடிப்பார்களாம், நிறுத்தாமல், அவசரமாக. அந்த அடியை இப்போது தெரிந்தவர் ஒரே ஒரு தாத்தாதான். அவர் அடித்துக் காட்டியதை ஃபோனில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கும் போட்டுக் காட்டினார்கள். ஏனோ நெஞ்சு படபடத்தது.

சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. இடது பக்கம் நாட்டின் வனக் கதை, வலது பக்கம் தோட்டத்தின் கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோப்பித் தோட்டம் போட வெள்ளைக்காரத் துரைமார் மலைக்காட்டை அழித்தார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்துக் காயவிட்டு, கொளுத்தி, சாம்பல் ஆறியதும் கோப்பிக் கன்று வைத்தார்கள். மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த நம் ஆட்களும் அந்த வேலையில் இருந்தார்கள். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது, அப்புறம் தேயிலை. 1873இல், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டில் கை வைக்கக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். 1887இல் வனத் திணைக்களம் வந்தது, 1907இல் வனக் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டப்படி ஒதுக்கிய காட்டில் தீ வைப்பது குற்றம்.

வலது பக்கம் இருப்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. எந்த மலை எந்தக் கோடையில் எரிந்தது, யார் யார் போனார்கள், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் எந்தப் பீலி வற்றியது. கிழவன் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. சட்டத்தையும் அதிகாரிகளின் பெயரையும் காகிதம் காப்பாற்றிவிட்டது. கொப்பை முறித்துக்கொண்டு தீக்கு முன்னால் போய் நின்றவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. காட்டைக் கொளுத்த எங்கள் பாட்டன்களைக் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொல்லுகிறவர்கள், அந்தப் பாட்டன்களின் பிள்ளைகள் மிச்சக் காட்டைத் தீயிலிருந்து காத்ததையும் சொல்ல வேண்டாமா? இந்தச் சங்கம் அதைத்தான் செய்கிறது, அதுவும் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

மறுநாள் காலையில் தாத்தா மலைக்குக் கூட்டிப் போனார். எழுபதைத் தாண்டியவர், ஏற்றத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. தேயிலை முடிந்து, பைனஸ் காடு தாண்டி, மலை முகட்டில் பயர் பெல்ட் வெட்டிக்கொண்டிருந்தார்கள். புல்லையும் சருகையும் அகலமாக வழித்து மண் தெரிய விடுவது. ஏன் முகட்டில் என்று கேட்டேன்.

"தீ மேல ஏறும்போதுதான் புள்ள வேகம். முகடு வந்தா தடுமாறும். அங்கதான் புடிக்கணும்."

சரிவில் தீ ஏறும்போது, அதன் சூடு மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. அதனால் தீக்கு மேல் பக்கம் நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை. ஓரங்களில் நின்று அடித்துக்கொண்டே நெருக்க வேண்டும். காற்று திரும்பினால் ஏற்கனவே எரிந்து கறுத்த இடத்துக்குள் போய்விட வேண்டும், அங்கே எரிய ஒன்றுமில்லை. தீயடிக்க யூகலிப்டஸ் கொப்பை முறிக்கக் கூடாது, இலையில் எண்ணெய் இருக்கிறது. பைனஸ் காட்டுக்குக் கீழே வெட்டும் வரப்பு தனி விதம். எரிகிற பைனஸ் காய் உருண்டு கீழே போய், அணைத்த இடத்துக்குக் கீழேயே புதுத் தீ வைக்கும். அதனால் அங்கே சும்மா வழித்தால் போதாது, கான், அதாவது வாய்க்கால் மாதிரி வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப் பக்கம் அணையாகப் போட வேண்டும். தாத்தா ஒரு காயை எடுத்து உருட்டிவிட்டுக் காட்டினார். குதித்துக் குதித்துப் போய்க் கானுக்குள் விழுந்து நின்றது.

அப்புறம் குந்தியிருந்து தன் புறங்கையைத் தரையோடு ஒட்டினாற்போல் வைத்து மெல்ல நகர்த்தினார். தீ அணைந்த பிறகு சாம்பலுக்கு மேல் இப்படிப் பார்க்க வேண்டுமாம். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், சூடு தெரியாது. புறங்கைக்கு உடனே தெரியும். சூடு தெரிந்த இடத்தைக் கிளறித் தண்ணீர் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அணைந்துவிட்டது என்று இறங்கிவந்து, மத்தியானக் காற்றில் மறுபடியும் பிடித்த கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். இடையிடையே, "தாத்தா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றான்.

இந்த மலைகளில் தீ தானாகப் பிடிப்பது அபூர்வம். மாட்டுக்குப் புதுப் புல் வேண்டும் என்று வைக்கிறார்கள், வேட்டைக்கு வைக்கிறார்கள், மரக்கறித் தோட்டம் போட இடம் பிடிக்க வைக்கிறார்கள். கூடாரம் அடிக்க வருகிறவர்கள் அடுப்பை அணைக்காமல் போகிறார்கள். பத்திரிகையில் 'விஷமிகள்' என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். எல்ல பக்கம் விமானப்படை ஹெலிகொப்டர் பெரிய வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியதை எல்லோரும் பார்த்திருப்போம். அது வேண்டியதுதான். ஆனால் ஹெலிகொப்டர் போன பிறகு தணலைத் தேடிக் கிளறுவது மனிதக் கைதான்.

பைனஸ் விஷயத்தில் சங்கத்துக்குள்ளேயே வாக்குவாதம். 1970, 80களில் வெறும் புல்வெளிகளில் வனத் திணைக்களம் கரீபியன் பைனஸை நட்டது. வேகமாக வளர்ந்தது, ஆனால் உதிர்ந்த ஊசி இலை மெத்தையாகக் கிடந்து தீயை வளர்க்கிறது. ரயில்வே ஐயா, "மண்ணையாவது பிடித்து வைத்திருக்கிறது" என்கிறார். இளையவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக நாட்டு மரங்களைக் கலந்து நட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இளையவர்கள் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

மண்ணைப் பற்றி இங்கே யாரும் லேசாகப் பேசுவதில்லை. கோடையில் எரிந்த சரிவு ஒக்டோபர், நவம்பர் மழைக்கு மொட்டையாக நிற்கும், மேல் மண் கரைந்து ஓடும். கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனது கூப்பிடு தூரத்தில் நடந்தது மாதிரித்தான் இவர்களுக்கு. அது தீயால் வந்ததில்லை. ஆனாலும் மலை இறங்கினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள்.

தண்ணீர்க் கதையை லயத்தில் ஓர் ஆச்சி சொன்னார். மேலே சோலைக்காடு எரிந்த பிறகு, அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓடிய பீலி நூலாக இளைத்து நின்றுவிட்டதாம். "அதுக்கப்புறம் குடத்த தூக்கிக்கிட்டு நாலாம் நம்பர் மலைக்குப் போனோம். தீ வச்சவனுக்குத் தண்ணி சொமக்கிற வேல இல்லியே" என்றார். அந்த ஊற்றைச் சுற்றிச் சங்கத்துப் பிள்ளைகள் இப்போது கன்று நட்டு, முள்வேலி போட்டிருக்கிறார்கள். ஈரம் கண்டிருக்கிறது, இன்னும் ஓடவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது ஆச்சி இன்னொன்றும் சொன்னார். தீ நேரத்தில் ஆண்கள் மேலே அடித்துக்கொண்டிருக்க, பெண்கள் குடத்தில் தண்ணீரும், தலையில் நனைத்த சாக்கும், தேத்தண்ணி வாளியுமாக ஏறுவார்களாம். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறியவர்களும் உண்டு. பிள்ளைக் காம்பராவில் ஒட்டியிருக்கும் தாளில், தீக்குப் போனவர்கள் என்ற பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கொப்பியோடு வந்திருந்த பையனிடம் அதைக் காட்டிச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "நாங்க ஆம்பளைங்ககிட்ட மட்டும்தானே அக்கா கேட்டோம்" என்றான். அன்று பின்னேரமே இரண்டு தங்கச்சிமாரைக் கூட்டிக்கொண்டு மேல் லயத்துக்குப் போனான். நான் பஸ் ஏறும்போது பதினொரு பெயர் சேர்ந்திருந்தது.